இரண்டு மணிக்கு ஒருமுறை

முதல் உலக யுத்தத்தின் நெருப்பு ஐரோப்பா முழுவதையும் சுட்டுக்கொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், ஜெர்மனியின் தென்கிழக்குக் கோடியில், நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் நெருக்கியடித்து நின்ற மேல் சைலீசியாப் பிரதேசத்தில், கோனிக்ஸ்ஹ்யூட்டே என்ற ஊரின் விபத்து ஆஸ்பத்திரியில், பதினெட்டு வயது நிரம்பாத ஓர் இளைஞன் நோயாளிகளைத் தூக்குவதும் படுக்கை மாற்றுவதுமான எடுபிடி வேலைகளுக்குத் தொண்டனாகச் சேர்ந்திருந்தான். ஒருநாள் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நல்ல தேகக்கட்டு உள்ளவர், வாலிப வயதினர், நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தன, இடுப்புக்குக் கீழே மட்டும் உடம்பு அவருடைய சுவாதீனத்தில் இல்லை. முறிவைப் பலங்கொண்ட மட்டும் இழுத்து நேராக்கி, உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, மற்றவர் கண்ணில் படாதபடி திரை கட்டி, வார்டின் கடைக்கோடியில் அவரைக் கிடத்தினார்கள். இளைஞன் காகிதத்தை எடுத்து அவருடைய நிலைமையைச் சிரத்தையாகக் குறிக்கத் தொடங்கியபோது, அத்தனை பிரயாசை வேண்டாம், இவர் இன்னும் சில வாரங்களில் இறந்துவிடுவார் என்று வைத்தியர் சொன்னார். வைத்தியர் சொன்னபடியே ஐந்து வாரங்களில் அவர் இறந்தார்.

முதுகு முறிந்ததால் இறந்தார் என்றே அவருடைய வீட்டார் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதரைக் கொன்றவை, மாவுக்கட்டுக்கு அடியில் அழுகிய படுக்கைப் புண்ணும், மூத்திரப் பையில் தங்கி ரத்தத்தில் கலந்த சீழும். முறிவு என்பது ஒரு கணத்தில் நடந்து முடிந்த சம்பவம். புண்ணும் சீழும் அதற்குப் பின் ஐந்து வாரங்களாக, வைத்தியர்களும் தாதியரும் நடமாடிய இடத்திலேயே, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தவை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்ததுதான் லுட்விக் குட்மன் என்ற அந்த இளைஞனுடைய பிற்கால வாழ்வின் முழுச் சாரமும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி டோஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த குட்மன், பிரெஸ்லாவிலும் ஃபிரைபுர்க்கிலும் வைத்தியம் படித்து 1924இல் பட்டம் பெற்று, அக்காலத்து நரம்பியல் உலகில் பெரும்புகழ் பெற்றிருந்தவரும் லெனினுக்கு வைத்தியம் பார்த்தவருமான ஓட்ஃப்ரிட் ஃபெர்ஸ்டரிடம் பிரெஸ்லாவில் உதவியாளராக அமர்ந்தார். நரம்பு அறுந்தால் உடம்பின் எந்தப் பகுதி எதை இழக்கிறது என்பதைத் தோலின் ஒவ்வொரு அங்குலமாகக் குறித்துவைக்கும் பொறுமையை அவர் அங்கே கற்றார். வியர்வையைக் கொண்டு நரம்பின் நிலையை அறியும் ஒரு முறையையும் வகுத்தார். குவினிசரின் என்ற சாயம் கலந்த பொடியை நோயாளியின் உடம்பில் தூவி, அவரை வெப்பத்தில் வைத்தால், வியர்த்த இடமெல்லாம், ஈர வாசலில் விழுந்த வண்ணக் கோலப்பொடி அடர்ந்து காட்டுவதைப் போல, ஆழ்ந்த ஊதா நிறமாகிவிடும். நரம்பின் ஆணை போய்ச் சேராத இடம் வியர்க்காமல் வெளிறியே நிற்கும். வாய் திறந்து நோயாளி ஒன்றும் சொல்லாமலே, அறுபட்ட நரம்பின் எல்லைக்கோடு தோலின்மேல் தானாக எழுதிக்கொள்ளும்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத வைத்தியர்கள் பொது ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். குட்மன் பிரெஸ்லாவின் யூத ஆஸ்பத்திரிக்குச் சென்று, 1937இல் அதன் தலைமை வைத்தியரானார். 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு யூதர்களின் கோயில்களும் கடைகளும் கொளுத்தப்பட்டபோது, ஆஸ்பத்திரிக்கு அடைக்கலம் தேடி வருகிற எவரையும் நோய் என்னவென்று கேளாமல் படுக்கையில் சேர்த்துக்கொள்ளும்படி அவர் உத்தரவிட்டார். விடிந்ததும் நாஜிக் காவலர்கள் வந்து, ஒரே இரவில் அறுபத்து நான்கு பேர் எப்படி நோயாளிகளானார்கள் என்று விசாரித்தார்கள். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச்சென்று, ஒவ்வொருவருக்கும் அந்த நிமிஷத்தில் தோன்றிய ஒரு வியாதியின் பெயரைச் சொல்லி, காவலர்கள் கவனிக்காதபோது படுத்திருந்தவர்களுக்கு முகத்தைக் கோணிக் காட்டி, அவர்களும் அப்படியே கோணிக்கொள்ளும்படி ஜாடை செய்தார். அறுபது பேர் தப்பினார்கள். வைத்திய சாஸ்திரத்தில் பொய் சொல்வது பாவந்தான். அன்று காலை அந்த வார்டில் சொல்லப்பட்ட அத்தனை பொய்களையும் எந்தத் தர்மசாஸ்திரமும் மன்னிக்கும்.

போர்த்துகலின் சர்வாதிகாரி சலசாரின் நண்பர் ஒருவருக்கு வைத்தியம் பார்க்க, பறித்துவைத்திருந்த கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்து நாஜி அரசே அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் லண்டனில் தங்கியபோது, நாடிழந்த அறிஞர்களைக் காக்கும் சங்கம் ஒன்று அவருக்காகப் பிரிட்டிஷ் அனுமதி பெற்றுவைத்திருப்பது தெரியவந்தது. 1939 மார்ச் மாதம் மனைவி எல்ஸேவுடனும் இரு குழந்தைகளுடனும் அவர் இங்கிலாந்து வந்து சேர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார். அறுந்த நரம்பு மறுபடி வளரும் வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார் போன்றவர்களோடு சேர்ந்து உழைத்தார். மதிப்பான வேலைதான். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே நின்று பழகிய ஒரு வைத்தியருக்கு ஆய்வுக்கூடத்து முயல்கள் எத்தனை காலம் போதும்?

1943இல் ராணுவத்தின் நரம்பியல் ஆலோசகராக இருந்த ஜார்ஜ் ரிட்டாக் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்று தனியாக ஒரு நிலையம் தொடங்கப்போவதாகவும், அதன் பொறுப்பைக் குட்மன் ஏற்கவேண்டும் என்றும் கேட்டார். இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. கோனிக்ஸ்ஹ்யூட்டேயில் திரைக்குப் பின்னால் அந்தச் சுரங்கத் தொழிலாளி இறந்துகொண்டிருந்த அதே 1917இல், யுத்தத்தின் மறுகரையில், தண்டுவடம் முற்றிலும் அறுந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனித்து, அறுபட்ட பகுதிக்குக் கீழேயும் தண்டுவடம் தனக்கென்று சில வேலைகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதியவர் இந்த ரிட்டாக். ஒருவர் ஜெர்மனியில் எடுபிடி, மற்றவர் பிரிட்டனில் வைத்தியர். இருவர் மனத்திலும் அந்த நோயாளிகள் இருபத்தாறு ஆண்டுகள் தங்கியிருந்திருக்கிறார்கள்.

உருப்படாத காரியத்தில் போய் ஏன் மூழ்குகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். குட்மன் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: சிகிச்சை முறையில் எவருடைய தலையீடும் இருக்கக் கூடாது. ஐரோப்பாவின் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முன்னேற்பாடாக, 1944 பிப்ரவரி 1ஆம் தேதி, பக்கிங்ஹாம்ஷயரில் எய்ல்ஸ்பரி நகரை அடுத்த ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியின் ஒற்றை வார்டில் அந்த நிலையம் தொடங்கிற்று. கட்டில்கள் இருபதுக்கு மேல் இருந்தன. நோயாளி ஒருவர்தான் இருந்தார்.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தண்டுவடத்தைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். மூளையிலிருந்து இறங்கி முதுகெலும்புக் கண்ணிகளின் நடுவே ஓடும் சுண்டுவிரல் பருமனுள்ள இந்த நரம்புக் கயிறு, கீழே போகும் ஆணைகளையும் மேலே வரும் உணர்ச்சிகளையும் தாங்கிச் செல்கிறது. மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் அறுந்த நரம்பிழைகள், கைகால் நரம்புகளைப் போல மறுபடி முளைத்துச் சேர்வதில்லை. ஆகவே முறிவுக்குக் கீழே கால் அசையாது என்பது எல்லோரும் அறிந்த இழப்பு. அதைவிடக் கொடிய இழப்பு, அங்கே நோவு தெரியாது என்பது. நாம் தூங்கும்போது நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோமே, அது ஏன்? ஒரே பக்கம் அழுந்தினால், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, சதை மூச்சுத் திணறி, நோவு என்ற குரலை எழுப்புகிறது. தூக்கத்திலும் உடம்பு அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிக்கொள்கிறது. தண்டுவடம் அறுந்தவருக்கு அந்தக் குரல் எட்டுவதில்லை. சில மணி நேரத்தில் முதுகின் அடியிலுள்ள திருவெலும்பின் மேலும் இடுப்பின் பக்கங்களிலும் குதிகாலிலும் சதை மடியத் தொடங்கும். முதலில் ஒரு சிவப்பு. அழுத்திப் பார்த்தால் வெளுக்காத சிவப்பு. அப்புறம் ஒரு கறுப்பு. அதற்கப்புறம் எலும்பு தெரியும் பள்ளம்.

இதற்குக் குட்மன் கண்ட மருந்து மிகச் சாதாரணமானது. ஒரு கிழவி கூடச் சொல்லியிருக்கக் கூடியது. வந்தவர்களின் மாவுக்கட்டுகளை வெட்டியெறிந்தார். தலையணைகளை வரிசையாக அடுக்கி, எலும்பு துருத்திய இடங்கள் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி நோயாளியைக் கிடத்தினார். இரவும் பகலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவரைத் திருப்பிப் போடவேண்டும் என்று விதித்தார். திருப்புவதென்றால் ஒருவர் தோளைப் பிடித்து இழுத்துவிடுவதன்று. வார்டின் எடுபிடிகளான ஆர்டர்லிகள் இரண்டு மூன்று பேர் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருந்தால் நீவ வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் படாமல் கணுக்காலுக்குக் கீழ் ஒன்று. தோலில் சிவப்பு உண்டா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுநிசியானாலும் இதில் மாற்றமில்லை. தலைமை வைத்தியரே இரவில் முன்னறிவிப்பின்றி வார்டுக்குள் நுழைந்து, கடிகாரத்தையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்ப்பார். பெனிசிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. அந்த மருந்து பல உயிர்களைக் காத்தது மெய். ஆனால் புண்ணில் சேர்ந்த கிருமியைத்தான் பெனிசிலின் கொல்லும். புண்ணே வராமல் செய்தவை அந்த ஆர்டர்லிகளின் கைகள்.

இதை எழுதும்போது என் பிள்ளைப் பிராயத்து நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த பனையேறி ஒருவர் ஓர் ஆடி மாதத்தில் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். பத்து நாளில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மோர் கொண்டுபோய்க் கொடுக்க அம்மா என்னை அனுப்புவாள். திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் வாழையிலை விரித்து அவரைக் கிடத்தியிருப்பார்கள். நாற்றத்தை மறைக்க அவருடைய சம்சாரம் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருப்பாள். அவர் என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார், சிரிப்பார். முதுகை அவர் பார்க்க முடியாது. அவருக்கு நோகவும் இல்லை. அதனால் தம் உடம்பின் பின்புறத்தில் என்ன நடக்கிறதென்பதை அந்த வீட்டிலேயே அறியாதவர் அவர் ஒருவர்தான். விதி என்றார்கள். கார்த்திகைக்கு அவர் இல்லை. அந்தச் சம்சாரம் கணவனுக்காக எதையும் செய்யச் சித்தமாக இருந்தாள். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பு என்று அவளிடம் சொல்ல ஓர் ஆள் இல்லை. அப்போது ஸ்டோக் மாண்டவில் தொடங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

படுக்கைப் புண்ணுக்கு அடுத்த எமன் மூத்திரப் பை. தண்டுவடம் அறுந்ததும் பை நிரம்புவதும் தெரியாது, அதைக் காலி செய்யவும் முடியாது. அக்காலத்து ராணுவ வைத்தியர்கள் அடிவயிற்றில் துளையிட்டு ஒரு குழாயை நிரந்தரமாகச் சொருகிவிடுவார்கள். அந்தக் குழாயே கிருமிகள் ஏறிச்செல்லும் ராஜபாட்டையாகி, பையிலிருந்து சிறுநீரகத்தை எட்டி, மாதங்களிலோ வருஷங்களிலோ ஆளை முடித்துவிடும். குட்மன் நிரந்தரக் குழாயை வேண்டாம் என்றார். வேளாவேளைக்குக் குழாயை உள்ளே விட்டு, பையைக் காலி செய்து, உடனே எடுத்துவிட வேண்டும். அதுவும் குழாயின்மேல் விரல் படாமல், இடுக்கியால் பிடித்து, முகமூடியும் கையுறையுமாக, அறுவைசிகிச்சைக்கு உரிய சுத்தத்தோடு. இந்த வேலையைத் தாதியரிடம் தள்ளிவிடாமல் தொடக்கத்தில் வைத்தியர்களே செய்யவேண்டும் என்றும் கட்டளையிட்டார். பட்டம் பெற்ற வைத்தியர்கள் பகலிலும் இரவிலும் மூத்திரக் குழாயோடு கட்டில் கட்டிலாகச் செல்வது எத்தனை பேருக்கு மனக்கசப்பைத் தந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பையைக் காப்பது மட்டமான வேலை என்ற எண்ணம் இருக்கும்வரை நோயாளி பிழைக்கமாட்டான் என்பதில் குட்மனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

1972இல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜாக் லேபிடஸ், இத்தனை கடுமையான கிருமி நீக்கம் எப்போதும் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும், பை நிரம்பி வழியவிடாமல் நேரத்துக்குக் காலி செய்வதும் போதும் என்று காட்டினார். அதன் பிறகு நோயாளி வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் தம் கையாலேயே அதைச் செய்துகொள்ள வழி பிறந்தது. குட்மனுடைய சுத்தத்தின் கடுமையை இது தளர்த்தியதே தவிர, நிரந்தரக் குழாயைத் தவிர்த்து விட்டுவிட்டுக் காலி செய்யவேண்டும் என்ற மூலக் கருத்து இன்னும் உறுதிப்பட்டது.

பையைப் பற்றிய இந்த இடைவிடாத கவனத்திலிருந்தே அவருடைய மிகச் சிறந்த ஆராய்ச்சியும் பிறந்தது. தண்டுவடம் மார்பின் நடுப்பகுதிக்கு மேலே அறுந்த சில நோயாளிகளுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், முகம் சிவக்கும், நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நிற்கும், ரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறும், நாடியோ மெதுவாகும். காரணம் தெரியாமல் பலர் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து மாண்டிருக்கிறார்கள். குட்மனும் ஆக்ஸ்ஃபோர்டின் உடலியல் அறிஞர் டேவிட் விட்டரிட்ஜும் சேர்ந்து, நோயாளியின் பையில் அளவாக நீரை நிரப்பிப் பரிசோதித்து, 1947இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த மர்மத்தை விடுவித்தார்கள். நிரம்பிய பை அறுபட்ட தண்டுவடத்துக்குள் அபாயச் செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தி மூளைக்கு எட்டாமலே, தண்டுவடம் தன் போக்கில் கீழுடம்பின் ரத்தக் குழாய்களையெல்லாம் இறுக்கிவிடுகிறது. அழுத்தம் ஏறுவதை உணர்ந்த மூளை, போதும், தளர்த்து என்று ஆணையிட்டாலும், அந்த ஆணை அறுந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. கழுத்துக்கும் முகத்துக்கும் மட்டும் போய்ச்சேர்ந்து, அங்கே சிவப்பாகவும் வியர்வையாகவும் தெரிகிறது. கடிவாளம் அறுந்த குதிரையை மேலே இருந்து எவ்வளவு அதட்டினாலும் நிற்காதல்லவா? சிகிச்சை என்னவோ எளிது: நோயாளியை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, அடைபட்ட குழாயைச் சரிசெய்து, பையைக் காலி செய்யவேண்டும். வீட்டில் இத்தகைய நோயாளியை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்வது நல்லது. 

உயிர் பிழைத்தவர்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. சாகவேண்டியவர்கள் சாகாமல் இருந்துவிட்டால், ஆயுள் முழுதும் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பதற்காகவா அவர்களைக் காத்தோம்? குட்மன் அவர்களைச் சும்மா இருக்க விடவில்லை. மரவேலை, கடிகாரம் பழுது பார்த்தல் என்று வார்டுக்குள்ளேயே பட்டறைகள் வந்தன. ஒருநாள், சக்கர நாற்காலிக்காரர்கள் சிலர் கைத்தடிகளைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் எதையோ தட்டி விளையாடுவதைக் கண்டு, தாமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தில் கலந்துகொண்டார். அதிலிருந்து நாற்காலிப் போலோ பிறந்தது. மோதல் அதிகமாயிருந்ததால் அது கைவிடப்பட்டு, கூடைப்பந்து வந்தது. வில்வித்தை வந்தது.

வில்லைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நரம்பியல் வைத்தியரின் மதிநுட்பம் இருக்கிறது. நம் முதுகின் அகன்ற தசை, தன் ஆணைகளைக் கழுத்துப் பகுதியின் நரம்புகளிலிருந்து பெறுகிறது. ஆனால் அதன் நார்கள் இடுப்பெலும்பு வரை இறங்கி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மார்பில் தண்டுவடம் அறுந்தாலும் இந்தத் தசை சாவதில்லை. உயிருள்ள மேலுடம்புக்கும் உணர்விழந்த இடுப்புக்கும் நடுவே தொங்கும் பாலம் அது. இடுப்பு சாய்ந்தால் இந்தத் தசை இழுபட்டு, அந்தச் செய்தியை மூளைக்குச் சொல்லும். நாளடைவில் அந்த மனிதர் கண்ணால் பார்க்காமலே, தாம் நேராக உட்கார்ந்திருக்கிறோமா என்பதை உணரக் கற்றுக்கொள்வார். நாணை இழுத்து, இலக்கைக் குறித்து, அசையாமல் நிற்கும் அந்த விநாடியில் வேலை செய்வது இந்தத் தசைதான். வில்லாளியாக ஆகும்போதே அவர் உட்காரவும் கற்றார்.

1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் பதினாறு பேர் நாற்காலிகளில் அமர்ந்து வில்லேந்தினார்கள். பதினான்கு ஆண்கள், இரண்டு பெண்கள், எல்லோரும் யுத்தத்தில் சேவை செய்தவர்கள். 1952இல் நெதர்லாந்திலிருந்து ஒரு குழு வந்து அதைச் சர்வதேசப் போட்டியாக்கியது. 1960இல் ரோமாபுரியில் இருபத்து மூன்று நாடுகளிலிருந்து சுமார் நானூறு பேர் திரண்டார்கள். இன்று பாராலிம்பிக் என்று உலகம் அழைப்பது இதன் வளர்ச்சியே. பாகிஸ்தானோடு நடந்த 1965 யுத்தத்தில் குண்டடிபட்டு, முதுகெலும்பில் ஒரு குண்டைச் சுமந்தபடியே வாழ்ந்த நம் ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க்கில் ஐம்பது மீட்டர் நீச்சலில் 37.33 விநாடியில் கரை தொட்டு இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். சேலத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது நாம் அடைந்த ஆனந்தத்தின் மூலத்தைத் தேடிப் போனால், அந்தப் புல்வெளிக்குத்தான் வந்துசேர்வோம். விளையாட்டின் புகழ் பெரிதாகிவிட்டதால், அதைத் தொடங்கியவரின் பிரதான வேலை திருப்பிப் போடுவதும் குழாய் விடுவதுமாகவே இருந்தது என்பதை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

குட்மன் இனிய சுபாவமுள்ள மனிதர் என்று சொல்லமுடியாது. குரல் உயர்த்துவார்; எதிர்த்துப் பேசுவதைப் பொறுக்கமாட்டார்; எழுந்து உட்காரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் நோயாளியை இரக்கமின்றி விரட்டுவார். ஆயினும் அந்த நோயாளிகளே அவரை அப்பா என்னும் பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தார்கள். அடங்காத அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாதிருந்தால், நடுநிசியில் தூக்கக் கலக்கத்தோடு வேலைசெய்யும் ஆர்டர்லி, இந்த ஒரு தடவை விட்டால்தான் என்ன என்று நினைத்திருப்பான். அந்த ஒரு தடவையில் ஒரு புண் பிறந்திருக்கும். 1966இல் அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. 1973இல் தம் அனுபவம் முழுவதையும் ஒரு பெருநூலாக எழுதி வைத்தார். 1980 மார்ச் 18ஆம் தேதி காலமானார்.

நம் நாட்டில் இந்தத் துறையின் கதையில் வேலூருக்குப் பெரிய இடம் உண்டு. 1954இல் மோட்டார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்களின் சுவாதீனத்தை இழந்த இளம் வைத்தியர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு வைத்தியம் பயின்று, திரும்பிவந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று ஒரு துறையை ஏற்று வளர்த்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கிணற்றிலும் மரத்திலும் சாரத்திலும் விழுந்தவர்கள் கட்டிலோடு அங்கே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஊர் திரும்பினார்கள். சென்ற தலைமுறையில் எங்கள் தெருவுக்கு எட்டாத அறிவு, இப்படித்தான் சிறுகச் சிறுக ஊர்களுக்குள் இறங்கியது.

எங்கள் ஊரில் இப்போது ஒரு கொத்தனார் இருக்கிறார். ஆறு வருஷங்களுக்கு முன் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். நான்கைந்து மாதம் வெளியூரில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வந்து, வீட்டு வாசலிலேயே சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். சென்ற மாதம் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சின் நடுவே நாற்காலியின் இரு கைகளையும் உள்ளங்கையால் ஊன்றி, உடம்பு முழுவதையும் அப்படியே உயரத் தூக்கிக்கொண்டு நின்றார். தோள்கள் இறுகின, கால்கள் துணிபோலத் தொங்கின.

“என்னப்பா இது, தண்டாலா?” என்றேன்.

“இல்லீங்க ஐயா. பின்னால காத்துப் படணும். கால் மணிக்கு ஒருதரம் தூக்கிடணும்னு அங்கேயே பழக்கிவிட்டுட்டாங்க. புண்ணு வந்துட்டா ஆறு மாசம் குப்புறப் படுக்கணுமே!”

“ராத்திரியிலே?”

“முதல்ல இவதான் அலாரம் வச்சுப் புரட்டிவிடுவா. இப்ப நானே கம்பியைப் பிடிச்சுப் புரண்டுக்குவேன். இவ அலாரத்தை இன்னும் எடுக்கல.”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம், “எடுக்கமாட்டேன்” என்றாள்.

அதற்குள் ஒரு சிறு பெண் ஐந்து ரூபாய் நாணயத்தோடு வந்து கடலைமிட்டாய் கேட்டது. அவர் இன்னும் கீழே இறங்கவில்லை. உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். “இரும்மா, முப்பது வரைக்கும் எண்ணிக்கிறேன்” என்று சொல்லி, மிச்சத்தையும் எண்ணி முடித்து, மெதுவாக உட்கார்ந்து, கண்ணாடிப் போத்தலின் மூடியைத் திறந்தார்.